சரணத்தில் நிற்கும் பாட்டு

சோபாக்காரர் தன் வாழ்நாளில் எதைப் பற்றியும் எழுத்தில் புகார் கொடுத்ததில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் வாயால்தான் திட்டுவார். பக்கத்துக் கடைக்காரர் நடைபாதையை அடைத்துப் பெட்டி அடுக்கினாலும் வாயால்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் மத்தியானம், விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு கேட்கும் செயலிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே இப்படி எழுதினார்: 'பல்லவி நன்றாக ஓடுகிறது. சரணம் வரும்போது பாட்டு நின்றுவிடுகிறது. பாதிப் பாட்டுக்கு எதற்கு ஒரு ஆப்? பாட்டுத் தெரிந்தவர்களை வேலைக்கு வையுங்கள்.'

எழுதி முடித்து மனைவிக்கு வாசித்தும் காட்டினார். அவள் தையல் மிஷினில் ஒரு மெத்தை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நட்சத்திரமே ஜாஸ்தி. அதுக்குக் கீழ போட விடமாட்டேங்குறான்," என்றார்.

"ம்," என்றாள் மனைவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த 'ம்'மில் ஏதோ இருந்தது. நிதானத்தில் இருந்திருந்தால் பிடித்திருப்பார். கோபத்தில் இருக்கிற மனிதருக்குக் காது பாதிதானே கேட்கும்.

அவருடைய தொழிலைச் சொன்னால்தான் அந்தக் கோபம் புரியும். உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சோபாக்கள் அவருடைய பட்டறைக்கு வரும். மேல்துணியைக் கிழித்து, பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, தொய்ந்துபோன பட்டையை இழுத்துக் கட்டி, புது ஃபோம் வெட்டி ஒட்டி, மனைவி தைத்துக் கொடுக்கிற உறையை மாட்டி, சுருக்கம் விழாமல் இழுத்துப் பின் அடித்து அனுப்புவார். உள்ளே கிடக்கிற சீப்பு, பேனா மூடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுத்துவிடுவார். இதில் ஃபோம் ஒட்டுகிற கட்டம்தான் பொல்லாதது. பலகையிலும் ஃபோமிலும் பசையைத் தடவிவிட்டு, அது பதத்துக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். முன்னாலேயே ஒட்டினால் வழுக்கும், பின்னால் ஒட்டினால் பிடிக்காது. கை இரண்டிலும் பசை. மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது.

அந்தச் சும்மா நிற்கிற நேரத்துக்கு அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. புல்லாங்குழலில் ஆரம்பிக்கும். ஒரு பெண் குரல் கொஞ்சமும் அவசரமில்லாமல் பல்லவி பாடும். மறுபடி குழல். பிறகு சரணம். அந்தச் சரணத்தில் அந்தம்மா ஒரு அடியைப் பிடித்து இழுப்பார் பாருங்கள், கேட்கிறவருக்கே மூச்சு முட்டும். சரணம் முடிவதும் பசை பதத்துக்கு வருவதும் ஒன்றாக இருக்கும். வருஷக்கணக்காக அவருக்குக் கடிகாரமும் அதுதான், காதுக்குச் சுகமும் அதுதான். எனவே பாட்டு சரணத்தில் நின்றால் அவருக்குச் சங்கீத நஷ்டம் மட்டுமில்லை, ஃபோம் கோணிக்கொண்டு ஒட்டும். பசைக் கையோடு போனைத் தொடவும் முடியாது. மூக்கு நுனியால்தான் அமுக்குவார். பட்டறைக்கு வருகிறவர்கள் போன் திரையில் மூக்குத் தடங்களைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்கத் தயங்குவார்கள்.

செயலிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. 'அன்புள்ள பயனரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பாருங்கள்.'

"நீக்கிட்டா திரும்பப் போட எவனுக்குத் தெரியும்? பாஸ்வேர்டு என்ன எழவுன்னே எனக்குத் தெரியாது," என்று பொரிந்தார் சோபாக்காரர்.

அப்போதுதான் மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, ஆப்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க தம்பி பாட்டு கேக்குறான்."

தம்பி என்ற சொல்லே அந்தக் கூரைக்குக் கீழே புழங்கி மாதக்கணக்காகிவிட்டது.

தம்பிதான் அந்தச் செயலியை அண்ணன் போனில் போட்டுக் கொடுத்தவன். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். வளர்ந்ததும் பட்டறையிலேயே அண்ணனோடு நின்றான். கை வேகம், வாய் அதைவிட வேகம். அண்ணனின் நிதானத்தைப் பார்த்து 'ஆமை' என்று பேர் வைத்தான். அவனுக்கு மேளமும் கைதட்டலுமாக அதிரடியான பாட்டு வேண்டும். அண்ணன் பாட்டை 'இழுவை' என்பான். பல்லவி வரை பொறுத்துக்கொள்வான், குழலையும் விட்டுவிடுவான். சரணம் தொடங்க அந்தம்மா மூச்சை இழுக்கிற இடத்தில் சரியாக எட்டித் தன் பாட்டை அமுக்குவான். "சரணத்துக்குள்ள போனா நாம கிழவனாகித்தான் வெளிய வருவோம்," என்பான். அண்ணன் பசைக் கையோடு விரட்டுவார், அவன் மேசையைச் சுற்றி ஓடுவான், மனைவி மிஷினில் உட்கார்ந்தபடியே இருவரையும் திட்டுவாள். அந்தப் பட்டறையில் அதுதான் பொழுதுபோக்கு.

பிறகு ஒரு நாள், "அடுத்தவன் உக்கார்றதுக்கு நாள் பூரா இங்க நின்னுக்கிட்டே கிடக்க என்னால முடியாதுண்ணே. நான் லாரி ஓட்டப் போறேன்," என்றான். அண்ணனுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பட்டறைப் பெயர்ப்பலகையில் இரண்டு பேர் பெயரையும் எழுத ஆளைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போ. போனவன் போனவனாவே இரு. இந்த வாசப்படிய மிதிக்காத," என்றார். "மிதிக்கல," என்றான் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம். பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் பாட்டு கேட்டா என் பாட்டு ஏன் நிக்கணும்?" என்றார் இப்போது.

மனைவி எழுந்து வந்து போனைக் காட்டினாள். "ஒரே கணக்குதான். ரெண்டு போன்லயும் அதுதான் ஓடுது. ஒரு நேரத்துல ஒரு போன்லதான் பாட்டு வரும். அவன் அங்க அமுக்கினா இங்க நிக்கும். கீழ பாருங்க, எந்தப் போன்ல ஓடுதுன்னு எழுதியிருக்கு."

திரையின் அடியில் பொடி எழுத்தில் 'சிங்கம் என்ற கருவியில் ஓடுகிறது' என்றிருந்தது. தன் போனுக்குச் சிங்கம் என்று பேர் வைக்கக்கூடிய ஆள் அவருக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவன்தான்.

"சரி, சரணத்துல எப்படிக் கரெக்டா...?"

"நீங்க என்ன கேக்குறீங்க, பாட்டு எது வரைக்கும் வந்திருக்குன்னு அங்கேயும் தெரியும். குழல் முடியுற வரைக்கும் காத்திருந்துதான் அமுக்குறான்."

"லாரிக்காரனுக்கு இதான் வேலையா?"

"சுமை ஏத்தி இறக்குற வரைக்கும் அவனும் சும்மாதான நிப்பான்."

அவள் அப்போதே ஒரு யோசனையும் சொன்னாள். தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொண்டால் தொல்லை விட்டது. சோபாக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஏன் மாறணும்? பிடிக்கலன்னா அவன் மாறட்டும்," என்று எழுந்து போய்விட்டார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, உண்மை வேறு. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எங்கோ ஒரு கிடங்கு வாசலில் நின்றுகொண்டு அந்தப் பயல் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், குழல் முடியக் காத்திருக்கிறான் என்று நினைக்கவே நன்றாக இருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி சிரிப்பாள்.

அதன் பிறகு அந்தச் செயலியில் ஒரு யுத்தமே நடந்தது. தம்பி சரணத்தில் வெட்டினால், அண்ணன் தம்பியின் மேளம் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து மூக்கால் அமுக்கி வெட்டுவார். அங்கே அவன் பல்லைக் கடிப்பதை இங்கிருந்தே கற்பனை செய்து சிரித்துக்கொள்வார். செயலிக்குத்தான் பாவம், மூளை கலங்கிப்போனது. 'உங்களுக்காக' என்று அது தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற வரிசையில் ஒரு தாலாட்டு வரும், உடனே டமார் டமார் என்று ஒரு குத்துப்பாட்டு வரும், மறுபடி ஒரு சோகப் பாட்டு. "யாரோ ஒரு பைத்தியம் இந்தப் போனை வச்சிருக்குன்னு நினைச்சிருக்கும்," என்றாள் மனைவி. நட்சத்திரத்தை அவர் மாற்றவில்லை. குறை குறைதானே என்பது அவர் கட்சி. போன் போட்டுப் பேசவும் இல்லை. மனைவி மட்டும் பின்கட்டுக்குப் போய் அவ்வப்போது மெல்லிய குரலில் யாரிடமோ பேசுவாள். யாரென்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. முதலில் சாதாரண மழைதான். பசை காய நேரமாகிறதே என்பது மட்டும்தான் சோபாக்காரரின் கவலை. அடுத்த நாள் காலையில் பக்கத்துக் கடைத் தொலைக்காட்சியில் மலைச்சாலையைக் காட்டினார்கள். மலையில் ஒரு பக்கம் அப்படியே வழிந்து இறங்கியிருந்தது. சாலை இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு லாரியின் பின்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் பட்டறைக்குள் வந்தபோது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து பேசினான். அந்த வழியாத்தான் போறேன்னு சொன்னான்," என்றாள். "இப்ப போட்டா போகல. காலையிலேருந்து போட்டுக்கிட்டே இருக்கேன்."

நீ அவனோடு பேசுவாயா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. போனை வாங்கித் தானே போட்டார். இணைப்பில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டார். அதே குரல், அதே நிதானம். லாரி ஆபீசுக்குப் போட்டால் எப்போது பார்த்தாலும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நேராகவே போய்விட்டார். அங்கே இவரைப் போல ஒரு கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. குமாஸ்தாவுக்குக் குரலே கட்டிப்போயிருந்தது. "ரோடு துண்டாகிப்போச்சுங்க. யாரு இந்தப் பக்கம், யாரு அந்தப் பக்கம்னு இன்னும் தெரியல. தெரிஞ்சா மறைக்கவா போறோம்?" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்.

திரும்பி வந்தவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டாக்டர் ஒருவருடைய நீண்ட சோபா, நோயாளிகள் காத்திருக்கிற சோபா, பட்டறை நடுவில் எலும்புக்கூடாகக் கிடந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பசை டப்பாவைத் திறந்து தடவினார். தடவியதும் பழக்கத்தில் மூக்கு போய்ப் பாட்டை அமுக்கியது.

குழல் வந்தது. பல்லவி வந்தது. மறுபடி குழல். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மா மூச்சை இழுத்து, சரணத்தைத் தொடங்கி, அந்த அடியை இழுத்து, இறக்கி, நிதானமாக முடித்தார். ஒருவரும் வெட்டவில்லை. எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சரணத்தை அவர் முழுசாகக் கேட்டார். பசை பதத்துக்கு வந்து நின்றது, ஒட்ட அவரால் முடியவில்லை. முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு அழுதார்.

பாட்டு தன்னால் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி முழுசாக ஓடியது.

"அத நிறுத்துங்க. எனக்குத் தாங்கல," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

"என்னத்துக்கு?"

"அவன் எங்கேயாவது ஆப்பைத் திறந்தா, நான் சரணம் கேட்டுக்கிட்டு இருக்கறது தெரியும்ல. பாத்தா விடமாட்டான்."

மனைவி போய் சார்ஜர் ஒயரை எடுத்துவந்து போனில் சொருகினாள். அன்றைக்கு முழுக்க அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு முறை குழல் முடியும்போதும் இருவரும் வேலையை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். சரணம் வரும். மறுபடி குனிந்துகொள்வார்கள். தனக்குப் பிடித்த பாட்டை ஒரு மனிதன் இப்படி வெறுக்க முடியுமா என்று சோபாக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தம்மா மீது கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு மெதுவாகப் பாட உனக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்கத் தோன்றியது. தம்பி சொன்னது வாஸ்தவம்தான், இழுவையேதான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. "ஏதாவது பண்ணுங்க, சும்மா உக்காந்தா பித்துப் பிடிச்சிடும்," என்று மனைவிதான் அவரை எழுப்பிவிட்டாள். வீணாய்ப்போன பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டாக்டர் சோபாவுக்குப் புதிதாகப் பசை தடவினார். இரண்டு கையும் பசையாக நிமிர்ந்தபோது, இன்னும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பல்லவியின் நடுவில் நின்றது.

மனைவி மிஷினிலிருந்து பாய்ந்து வந்தாள். திரையின் அடியில் எழுத்து மாறியிருந்தது. ஆனால் சிங்கம் இல்லை. என்னவோ நாலு எழுத்தும் நம்பரும் கலந்த, யாருடையதென்றே தெரியாத ஒரு கருவியின் பேர்.

"அவன் போன் இல்லீங்க இது," என்றாள். "வேற யாரோ. அவன் பொருளை எடுத்து யாராவது..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லாததும் அவருக்குக் கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட ஒரு பை, அதைத் துழாவுகிற யாருடையதோ கை.

சோபாக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"பொறு," என்றார். "பல்லவியிலேயே வெட்டிட்டானேன்னு பாக்குறேன். திறந்ததும் தெரியாம அமுக்கியிருப்பான். இப்ப நான் முதல்லேருந்து போடுறேன். வேற எவனாவது இருந்தா எங்க வேணாலும் வெட்டுவான், இல்ல வெட்டாமலே விடுவான். அவனா இருந்தா எங்க வெட்டுவான்னு எனக்குத் தெரியும்."

குனிந்து மூக்கால் அமுக்கினார்.

குழல் வந்தது. வெட்டவில்லை. பல்லவி தொடங்கியது. மனைவி அவர் சட்டையின் முதுகுப்பக்கத்தை முஷ்டியில் பிடித்திருந்தாள். பல்லவி முழுசாக முடிந்தது, யாரும் தொடவில்லை. இரண்டாவது குழல், அது வளைந்து வளைந்து எப்போதையும்விட நீளமாகப் போனது. குழல் முடிந்தது. அந்தம்மா சரணத்துக்கு மூச்சை இழுத்தார்.

இழுத்த மூச்சோடு பாட்டு நின்றது.

திரையில் ஒரு மேளப் பாட்டின் பேர் வந்தது. பட்டறையில் மேசையைச் சுற்றி ஓடிய நாட்களில் அவன் போட்ட அதே பாட்டு.

சோபாக்காரர் அப்படியே பொத்தென்று பின்னால் உட்கார்ந்தார். "அவன்தான்," என்றார். "அவனேதான். வேற எந்த நாய்க்கும் அந்த இடம் தெரியாது." மனைவி தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது அவருக்கு உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது.

ஏறி முடிந்த பிறகுதான் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பதத்துக்கு வந்திருந்த பசைமீது, டாக்டர் சோபாவின் நடுவில், கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒட்டுகிற பசை லேசில் விடாது என்று ஊரே சொல்லும்.

"என்னங்க, ஒட்டிக்கிட்டீங்களா?"

"என்னை விடு. அவனோட எப்படிப் பேசுறது, அதைச் சொல்லு. அவன் போன் எங்க போச்சோ, யார் போனை வாங்கி வச்சிருக்கானோ. பேச முடிஞ்சிருந்தா பேசியிருப்பானே. நம்பர் மறந்திருப்பான்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் போனை எடுத்தாள். உறை தைக்கிறவளுக்கு எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. செயலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்த பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பேரும் வைக்கலாம். இங்கே வைத்தால் அங்கேயும் தெரியும், கணக்கு ஒன்றுதானே. புதிதாக ஒன்றை ஆரம்பித்து, பேர் கேட்ட இடத்தில் தன் போன் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'கூப்பிடுடா' என்று எழுதினாள். உள்ளே ஒரு பாட்டு போடச் சொல்லிக் கேட்டது. இழுவையைப் போட்டாள்.

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் சோபாவில் ஒட்டிக்கொண்டும், ஒருவர் தரையிலும்.

மனைவியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். பேசும் பொத்தானை அமுக்கி அவள் அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே."

சோபாக்காரர் காதைப் போனோடு அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, இருக்கியா?"

"நீ இருக்கியான்னு நான் கேக்கணும்டா," என்றார்.

"இருக்கேன். ஒரு கீறல்கூட இல்ல. வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பிப் பாத்தா வண்டியக் காணோம். போனு, சட்டை, எல்லாம் அதுக்குள்ள. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்க. இப்பத்தான் சிக்னலே வந்துச்சு. கூட இருக்கற டிரைவர் அண்ணன் போன் இது."

"பேச வேண்டியதுதான? பாட்டு எதுக்குடா கேட்ட?"

"நம்பர் ஒண்ணாவது ஞாபகம் இருந்தாத்தான? உன் நம்பர், அண்ணி நம்பர், எல்லாம் போனுக்குள்ளதான் இருந்துச்சு, என் மண்டைக்குள்ள எங்க இருந்துச்சு? ஆபீஸ் லைன் கிடைக்கல. பட்டறை போர்டுல இருக்கற நம்பர் மட்டும் ஞாபகம் வந்துச்சு. போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லைங்குறான்."

"அந்த லைன் செத்து எவ்வளவு நாளாச்சு."

"போர்டை மாத்து மாத்துன்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

செத்துப் பிழைத்தவன் சண்டைக்கு வருகிறான். சோபாக்காரருக்கு அதைக் கேட்கக் கேட்க வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"சரி, நம்பர் மறந்தவனுக்குப் பாஸ்வேர்டு மட்டும் எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

"அத எப்படி மறக்கறது? ஆமையண்ணன்னு வச்சேன்."

மனைவி போனை இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா, தலையில் அடிபட்டதா, ஈரத் துணியை மாற்றினாயா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் "ஆமாண்ணி, இல்லண்ணி" என்று சின்னப் பையனாகப் பதில் சொன்னான். பிறகு போன் மறுபடி அண்ணன் காதுக்கு வந்தது.

"ரோடு சரியானதும் வந்துடு," என்றார்.

"வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னியே."

"சொன்னேன். கோபத்துல சொன்னேன். சொன்ன நாள்லேருந்து எனக்கு அதே நினைப்புதான். வாடா."

"அண்ணே, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். ஆபீஸ்ல வேற வண்டி குடுத்தா நான் ஓட்டத்தான் செய்வேன். பட்டறைக்குத் திரும்பமாட்டேன்."

"ஓட்டு. யார் வேணாம்னது? ஓட்டிட்டு வீட்டுக்கு வா. அது போதும் எனக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ ஏண்ணே ஒரு மாதிரி முக்கிக்கிட்டே பேசுற? உடம்பு சரியில்லையா?" என்றான்.

"சோபால ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

தம்பி சிரித்தான். அவன் சிரிப்பு போனைத் தாண்டிப் பட்டறை முழுக்கக் கேட்டது. மனைவிக்கும் அடக்க முடியவில்லை. கால்சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவரை எடுக்க வேண்டியிருந்தது. வெட்டும்போதும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. "டாக்டர்கிட்ட என்ன சொல்றது?" என்றாள். "உள்ள கிடந்த சாமான்னு பையில போட்டுக் குடுத்துடு," என்றார் அவர்.

கிழிந்த கால்சட்டையை மாற்றிக்கொண்டு வந்ததும் முதல் வேலையாகக் கையை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவினார். போனை எடுத்து, தான் முன்பு எழுதிய அந்த ஒரு நட்சத்திரப் புகாரைத் தேடிப் பிடித்தார். ஒன்றை ஐந்தாக்கினார். பழைய வரிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார்.

"என்ன எழுதுறீங்க?" என்றாள் மனைவி.

இந்த முறையும் வாசித்துக் காட்டினார். 'இன்றைக்கும் சரணம் வரும்போது பாட்டு நின்றுவிட்டது. தயவுசெய்து இதைச் சரிபண்ணிவிடாதீர்கள்.'